துறைக்குள் பாலியல் தொல்லை பற்றி சர்வே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், கேள்வித்தாளைக் கொஞ்சம் பாருங்களேன்

#1 கோப்புக்காரி

வணக்கம். ஓர் அரசுத் துறையின் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள். 11 கிளை அலுவலகங்கள், நிரந்தரப் பணியாளர்கள் 600 சொச்சம் பேர்.

போன மாத ஆய்வுக் கூட்டத்தில் பணியிடப் பாலியல் தொல்லை நிலவரம் என்ன என்று மேலிடம் கேட்டது. எங்கள் புகார்க் குழுவின் பதிவேட்டில் மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு புகார்தான் இருக்கிறது. அதையும் கொடுத்தவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். "அப்படியானால் பிரச்சினை இல்லை என்று எழுதிவிடலாமே" என்றார் எங்கள் அதிகாரி. பக்கத்தில் இருந்த ஒருவர், "இல்லை என்று எழுதவும் ஏதாவது ஆதாரம் வேண்டும் சார், ஒரு சர்வே எடுத்துவிடலாம்" என்றார். அவ்வளவுதான், வேலை என் மேசைக்கு வந்துவிட்டது.

நான் போட்டிருக்கும் வரைவு: பெயர் (விருப்பமிருந்தால்). பணியாளர் எண். அலுவலகம். பதவி. வயது. பணியில் சேர்ந்த ஆண்டு. ஆணா பெண்ணா. அப்புறம் முக்கியமான கேள்வி: "கடந்த ஓராண்டில் நீங்கள் பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளானீர்களா? ஆம் / இல்லை." ஆம் என்றால் விவரம் எழுத நாலு கோடு. நிரப்பிய தாள்களைப் பிரிவுத் தலைவர்கள் வாங்கி எனக்கு அனுப்புவார்கள்.

இரண்டு வாரம்தான் அவகாசம். எதை மாற்ற வேண்டும்?

#2 ஊசிமுனை

பெயர் விருப்பமிருந்தால், பணியாளர் எண் கட்டாயம்! முகமூடியைக் கொடுத்துவிட்டு நெற்றியில் பெயரை ஒட்டிவிடுகிற மாதிரி இருக்கிறது. எண்ணை முதலில் எடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

#3 சராசரி

நான் புள்ளிவிவரத் தொழிலில் இருக்கிறவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முக்கியமான கேள்விதான் இந்தத் தாளிலேயே பலவீனமான கேள்வி. "பாலியல் தொல்லைக்கு ஆளானீர்களா?" என்றால், பதில் சொல்கிறவர் முதலில் தனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். அந்தப் பெயர் கனமானது. வைத்தால் தான் பாதிக்கப்பட்டவர், பக்கத்து நாற்காலிக்காரர் குற்றவாளி என்று ஆகிவிடும். அந்த இடத்துக்குப் போக மனம் வராமல் 'இல்லை' என்று போட்டுவிட்டு எழுந்து போவார்கள்.

இது என் ஊகம் இல்லை. அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, அதுவரை நடந்த பல சர்வேக்களைச் சேர்த்துப் பார்த்தது. சொல்லை விளக்காமல் "பாலியல் தொல்லை நேர்ந்ததா" என்று கேட்டபோது, சீரற்ற முறையில் தேர்ந்தெடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய 25% பெண்கள் ஆம் என்றார்கள். குறிப்பிட்ட செயல்களைச் சொல்லி, இது நடந்ததா, அது நடந்ததா என்று கேட்ட சர்வேக்களில் அது 40% ஆனது. கேள்வி மாறினால் பதில் எவ்வளவு மாறுகிறது பாருங்கள்.

செயல்களைக் கேட்பதற்கு ஒரு கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. லூயிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 1980களில் உருவாக்கிய கேள்வித்தொகுப்பு. அதிலிருந்து வளர்ந்த மூன்று வகைகளைத்தான் இன்றைக்கும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, பாலினத்தை வைத்து இழிவுபடுத்துவது ("பொம்பளைக்கு எதுக்கு இந்த சீட்டு" ரகம்). இரண்டு, விரும்பாத பாலியல் கவனம் (தொடுவது, விடாமல் அழைப்பது, உடம்பைப் பற்றிப் பேசுவது). மூன்று, பதவி உயர்வையோ பணியிட மாற்றத்தையோ காட்டி வற்புறுத்துவது.

ஆகவே உங்கள் ஒரு கேள்வி இப்படிப் பத்துப் பன்னிரண்டாக உடைய வேண்டும்:

"கடந்த 12 மாதங்களில், உடன் பணிபுரியும் யாராவது, நீங்கள் விரும்பாதபோது, உங்கள் உடல் அல்லது உடையைப் பற்றிப் பாலியல் பொருள்பட ஏதாவது சொன்னார்களா? ஒருமுறையும் இல்லை / ஒரு முறை / சில முறை / அடிக்கடி."

'பாலியல் தொல்லை' என்ற சொல்லைத் தலைப்பிலும் போடாதீர்கள். "பணிச்சூழல் கணக்கெடுப்பு" போதும்.

#4 பழைய மேசை

ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. ஆறு வருஷம் புகார்க் குழுவில் இருந்தவள். சராசரி தம்பி சொன்னது சரி. ஆனால் கேள்வியை விட, தாளை யார் கையில் கொடுக்கிறோம் என்பது பெரிய விஷயம். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்திலும் ஒருமுறை இப்படி ஒரு படிவம் வந்தது. பெயர் எழுத வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தாள்களைச் சேகரிக்கும் பொறுப்பு எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளருக்கு. அவர் ஒவ்வொரு மேசையாக வந்து வாங்கி, வாங்கிய இடத்திலேயே புரட்டிப் பார்த்துவிட்டு அடுக்கினார். எனக்கு இரண்டு மேசை தள்ளி இருந்த பெண் முதலில் 'ஆம்' என்பதில் டிக் போட்டிருக்கிறாள். அவர் எழுந்து வருவதைப் பார்த்ததும் அதை அடித்துவிட்டு 'இல்லை'யில் போட்டாள். நீல மை, இரண்டு கோடு. அவர் அந்தத் தாளை மற்றதை விடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டு, "எதுக்கும்மா அடிச்சு எழுதியிருக்கே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

எங்கள் பிரிவின் முடிவு: நூற்றுக்கு நூறு 'இல்லை'. அது நல்ல அலுவலகம் என்று பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

பிரிவுத் தலைவர் வாங்கி அனுப்புவார் என்று எழுதியிருக்கிறாய் பார் அம்மா, அந்த வரியை அடித்துவிடு. இரண்டு கோடு போட்டு.

#5 ஊசிமுனை

அந்தப் பாராட்டுக் கடிதத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

#6 நேர்க்கோடு

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். நானும் அரசுப் பணியில்தான் இருக்கிறேன். பெயர் இல்லாத தாளில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். பதவி உயர்வுப் பட்டியல் வருகிற நேரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தவிர, சராசரி சொல்கிற மாதிரி ஜோக்கையும் சேர்த்துக் கேட்டால் 40% என்று வரும். மறுநாள் செய்தியில் "அரசு அலுவலகத்தில் பாதிப் பேர் காமுகர்கள்" என்பார்கள். ஜோக்கும் கைவைப்பதும் ஒன்றா?

#7 சராசரி

நேர்க்கோடு சார், ஒன்றில்லை. அதனால்தான் தனித்தனியாகக் கேட்கச் சொல்கிறேன். மொத்தமாக ஆம்/இல்லை கேட்டால்தான் ஜோக்கும் கைவைப்பதும் ஒரே கூடையில் விழும்.

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். கிராண்ட் கேன்யன் பூங்காவின் ஆற்றுப் பிரிவில் பல வருஷம் நடந்த தொல்லைகள் 2016இல் வெளியே வந்து பெரிய விவகாரமானது. அதற்குப் பிறகு பணியாளர்களிடம் சர்வே எடுத்து 2017இல் வெளியிட்டார்கள். முந்தைய 12 மாதங்களில் வயது, இனம், மதம் எல்லாவற்றையும் சேர்த்து ஏதாவது ஒரு வகைத் துன்புறுத்தல் நேர்ந்ததாகச் சொன்னவர்கள் 38.7%. பாலியல் தொல்லை மட்டும் 10.4%. இரண்டையும் பிரித்துத்தான் அச்சிட்டார்கள். 38.7ஐ மட்டும் எடுத்துக் கத்துகிறவர்கள் கத்தட்டும், 10.4உம் அதே தாளில் இருக்கிறது.

பொய்க் குற்றச்சாட்டு பற்றி: சர்வேயில் யார் செய்தார் என்ற பெயரே கேட்கக் கூடாது. மேலதிகாரியா, சக பணியாளரா, வெளியாளா என்ற அளவோடு நிறுத்த வேண்டும். பெயரே இல்லாத தாளை வைத்து யார் மீதும் நடவடிக்கை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. மழைமானி எவ்வளவு பெய்தது என்று சொல்லும். எந்த மேகம் என்று சொல்லாது.

#8 நேர்க்கோடு

பெயர் கேட்கப்போவதில்லை என்றால் என் ஆட்சேபணையில் பாதி போயிற்று. மீதிப் பாதி இருக்கிறது. மேகத்தைப் பிடிக்க முடியாது என்றால் இதை எடுத்து என்ன பயன்?

#9 ராத்திரி ஷிப்ட்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "நிரந்தரப் பணியாளர்கள் 600" என்று முதல் பதிவில் இருக்கிறது. நான் ஏஜென்சி மூலமாக ஓர் அரசு அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி செய்கிறேன். உட்காருவது அதே அறை, அதே ஆட்களுக்குக் கீழே வேலை. ஆனால் எனக்கு அலுவலக மின்னஞ்சல் கிடையாது, சுற்றறிக்கையில் பெயர் வராது. பெண்களுக்கான விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தபோது நாற்காலி எடுத்துப் போட்டது நாங்கள், உட்கார்ந்தது அவர்கள்.

எங்களை வேலையை விட்டு அனுப்ப மெமோகூட வேண்டாம். ஏஜென்சிக்கு ஒரு போன் போதும். அது எல்லோருக்கும் தெரியும், கை நீட்டுகிறவர்களுக்கும் தெரியும். சர்வே எங்களுக்கும் வருமா?

#10 கோப்புக்காரி

ராத்திரி ஷிப்ட், உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை. இன்று விசாரித்தேன். ஒப்பந்தம், தினக்கூலி, துப்புரவு, காவல் எல்லாம் சேர்த்து 230 பேருக்கு மேல் இருக்கிறார்கள். சரியான பட்டியல் எந்தப் பிரிவிலும் இல்லை, சம்பளப் பில்லிலிருந்து எண்ணி எடுத்தேன்.

#11 பழைய மேசை

பட்டியலில் இல்லாதவர்களிடம்தான் அதிகம் நடக்கும். குழுவில் இருந்த ஆறு வருஷத்தில் எங்களிடம் வந்தவர்கள் எல்லோரும் நிரந்தரப் பணியில் இருந்தவர்கள். வராதவர்கள் யார் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கையை எடுத்துப் படி. 2019இல் நிறைவேறியது. ஒப்பந்த நிலை எதுவானாலும், பயிற்சியில் இருப்பவரானாலும், வேலை தேடி வருகிறவரானாலும் பாதுகாப்பு உண்டு என்கிறது. தொல்லைக்கான ஆபத்துகளை நிர்வாகம் பணியாளர்களோடும் அவர்களின் பிரதிநிதிகளோடும் சேர்ந்து கண்டறிந்து மதிப்பிட வேண்டும் என்றும் 9ஆம் பிரிவில் இருக்கிறது. உங்கள் அரசு அதை ஏற்றதோ இல்லையோ, அதிகாரியிடம் காட்ட ஒரு காகிதம் ஆயிற்று.

#12 கோப்புக்காரி

நேற்று ராத்திரி ஒரு சோதனை செய்தேன், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பெயரையும் எண்ணையும் எடுத்துவிட்டுப் புதிய வரைவை நானே நிரப்பினேன். அப்புறம் எங்கள் பணியாளர் பட்டியலை எக்செலில் திறந்து, படிவத்தில் நான் கொடுத்த விவரங்களை ஒவ்வொன்றாக வடிகட்டினேன். பெண்: 214 வரி. என் அலுவலகம்: 31. என் பதவி: 6. வயது 35 முதல் 44: 3. சேர்ந்த ஆண்டு போட்டதும் ஒரே ஒரு வரி நின்றது. என் பெயர்.

அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒற்றை வரியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

#13 சராசரி

எல்லா அலுவலகத்திலும் இதைச் சர்வே போடுகிறவர்களுக்கு முதல் நாள் பயிற்சியாக வைக்கலாம்.

பதவி, சேர்ந்த ஆண்டு இரண்டையும் தூக்குங்கள். வயதை இரண்டே பிரிவாக்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அலுவலகத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் சிறிய கிளைகளை ஒன்றாகச் சேர்த்து மூன்று நான்கு தொகுதியாக்குங்கள். 10 பேருக்குக் குறைவாகப் பதிலளித்த எந்தப் பிரிவின் முடிவையும் தனியாக வெளியிடுவதில்லை என்று முன்கூட்டியே எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இதில் ஒரு ஓட்டை உண்டு, பலர் கவனிப்பதில்லை. 11 அலுவலகத்தில் 10இன் முடிவைப் போட்டு, ஒன்றை மட்டும் மறைத்து, கீழே மொத்தத்தையும் போட்டால் கழித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் மறைத்ததைக் கண்டுபிடித்துவிடுவார். ஒன்றை மறைத்தால் கூடவே இன்னொன்றையும் மறைக்க வேண்டும்.

ஆன்லைனில் எடுத்தால் அலுவலக லாகின் வழியாக வேண்டாம். "யார் என்று எங்களுக்கே தெரியாது" என்பது ஒன்று, "தெரியும், ஆனால் சொல்ல மாட்டோம்" என்பது வேறு. இரண்டாவதைச் செய்துகொண்டு முதலாவதை வாக்குக் கொடுக்காதீர்கள். ஒருமுறை பிடிபட்டால் பத்து வருஷத்துக்கு அந்தத் துறையில் யாரும் எந்த சர்வேக்கும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

#14 நாணயம்

பார்வையாளனாகவே இருந்தேன், இந்த இடத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. ஸ்டான்லி வார்னர் என்பவர் 1965இல் ஒரு வழி சொன்னார். அதன் எளிய வடிவம் இது.

பதில் சொல்கிறவர் யாரும் பார்க்காமல் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும் 'ஆம்' என்று போட வேண்டும். பூ விழுந்தால் உண்மையைப் போட வேண்டும். இப்போது ஒரு தாளில் 'ஆம்' இருந்தால் அவருக்கு நடந்ததா, நாணயம் சொன்னதா என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய மேசை அம்மா சொன்ன கண்காணிப்பாளர் புரட்டிப் பார்த்தாலும் பயனில்லை.

ஆனால் மொத்தத்தில் கணக்கு வரும். 100 பேரில் 50 பேருக்குத் தலை விழும், அவர்கள் எல்லோரும் ஆம். மொத்தம் 60 ஆம் வந்தால், மீதி 50 பேரில் 10 பேர் உண்மையாகவே ஆம் சொல்லியிருக்கிறார்கள். அதாவது 20%.

#15 ஊசிமுனை

எங்கள் ஆபீஸில் நாணயத்தைச் சுண்டச் சொன்னால் பாதிப் பேர் நாணயத்தைத் தேடுவார்கள், மீதிப் பேர் தலை விழுந்தாலும் 'இல்லை' என்றுதான் போடுவார்கள். தனக்கு நடக்காததை நடந்தது என்று எழுத யாருக்கு மனசு வரும்?

#16 சராசரி

ஊசிமுனை கிண்டலாகச் சொன்னாலும் அந்த முறையின் உண்மையான பலவீனம் அதுதான். இன்னொன்று, 40 பேர் உள்ள அலுவலகத்தில் தலையும் பூவும் சமமாக விழாமலே கணக்கைக் குழப்பிவிடும். ஆள் நிறைய வேண்டும்.

இதையே வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். பங்களாதேஷ் ஆடைத் தொழிற்சாலைப் பணியாளர்களிடம் தொலைபேசி வழியாக எடுத்த ஓர் ஆய்வு, 2023இல் வெளியானது. சிலரிடம் நேரடியாகக் கேட்டார்கள். வேறு சிலரிடம், "நீங்கள் இல்லை என்று சொன்னாலும் குறிப்பிட்ட விகிதத்தில் கணினியே அதை ஆம் என்று பதிந்துவிடும்" என்று முன்கூட்டியே விளக்கிவிட்டுக் கேட்டார்கள். பதில் சொல்கிறவர் எதையும் சுண்ட வேண்டாம், பொய்யும் எழுத வேண்டாம். நேரடியாகக் கேட்டபோது பாலியல் தொல்லை என்றவர்கள் 1.8%. மற்ற முறையில் அது மூன்றரை மடங்குக்கு மேல் போனது. அரசு அலுவலகம் இல்லைதான், ஆனால் அந்தத் தொழிலாளர்களின் பயம் ராத்திரி ஷிப்ட் எழுதியிருக்கும் பயம்தான்.

உங்கள் துறைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு வாரத்தில் 800 பேருக்கு விளக்கிப் புரியவைக்க முடியாது. பிரிவுகளைப் பெரிதாக்கி, வெளி நிறுவனம் ஒன்றிடம் சேகரிப்பைக் கொடுங்கள், அதுவே போதும்.

#17 கோப்புக்காரி

பல்கலைக்கழகத் துறை ஒன்றிடம் பேசியிருக்கிறேன், இலவசமாகவே செய்து தருகிறார்கள். ஆனால் அதிகாரி தயங்குகிறார். "சர்வேயில் பெரிய எண் வந்துவிட்டால் என் தலைதானே உருளும்? பதிவேட்டில் ஒன்று இருக்கிறது, இதில் எண்பது என்று வந்தால் என்ன பதில் சொல்வேன்?" என்கிறார். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது, அவ்வளவுதான்.

#18 சராசரி

பதிவேட்டுக்கும் சர்வேக்கும் இடைவெளி வருவதுதான் எங்கும் வழக்கம் என்று சொல்லுங்கள். 2012இல் அமெரிக்க ராணுவம் எடுத்த சர்வேயிலிருந்து, விரும்பாத பாலியல் தீண்டலுக்கு ஆளான படையினர் அந்த ஆண்டில் ஏறக்குறைய 26,000 பேர் என்று மதிப்பிட்டார்கள். அதே ஆண்டு பதிவான புகார்கள் 3,374.

அந்த எண்ணை நம்பலாமா என்று பெரிய சண்டை நடந்தது. பதிலளித்தவர்கள் நாலில் ஒரு பங்குதான், கேள்வியும் தெளிவாக இல்லை என்றார்கள். நியாயமான ஆட்சேபணை. அதனால் 2014இல் ராண்ட் என்ற வெளி ஆய்வு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரை அழைத்து, பழைய கேள்வித்தாளை ஒரு பகுதியினருக்கும் புதியதை மற்றவர்களுக்கும் கொடுத்து ஒப்பிட்டார்கள். புதிய தாளின்படி மதிப்பீடு ஏறக்குறைய 20,300. குறைந்ததுதான், ஆனாலும் பதிவேட்டின் பக்கத்தில் வரவில்லை.

உங்கள் அதிகாரியிடம் காசுக் கணக்கிலும் பேசலாம். அமெரிக்க மத்திய அரசுப் பணியாளர்களிடம் 1980, 1987, 1994 என்று தொடர்ந்து இந்தச் சர்வேயை எடுத்த மெரிட் சிஸ்டம்ஸ் புரொடெக்ஷன் போர்டு என்ற அந்த அரசின் வாரியம், வேலையை விட்டுப் போவது, நோய் விடுப்பு, வேலை சுணங்குவது எல்லாம் சேர்த்து 1992–94 இரண்டு ஆண்டுகளில் அரசுக்கு 32 கோடியே 70 லட்சம் டாலர் நஷ்டம் என்று கணித்தது. மனிதர்களின் வலியைச் சொல்லி நகராத கோப்பு சில நேரம் இதைச் சொன்னால் நகரும். வெட்கக்கேடுதான்.

#19 நேர்க்கோடு

1980இலிருந்து எடுக்கிறார்களே, என்ன குறைந்தது? கிண்டலுக்குக் கேட்கவில்லை.

#20 சராசரி

நல்ல கேள்வி. 1980இல் முந்தைய இரண்டு ஆண்டுகளில் தொல்லை நேர்ந்ததாகச் சொன்ன பெண்கள் 42%, ஆண்கள் 15%. 1987இல் 42, 14. 1994இல் 44, 19. அடுத்து 2016இல் ஏறக்குறைய 21, 9. பாதியாகக் குறைந்த மாதிரி தெரிகிறது. ஆனால் கேட்ட செயல்களின் பட்டியலே 2016இல் மாறிவிட்டது, ஆகவே ஒன்றுக்கொன்று நேராக வைத்துப் பார்க்க மனம் ஒப்பவில்லை. முதல் 14 வருஷம் அசையவே இல்லை என்பதையும் மறைக்க முடியாது. சர்வே எடுத்ததால் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆண்கள் வரிசையையும் கவனியுங்கள். கேள்வித்தாளைப் பெண்களுக்கு மட்டும் கொடுத்திருந்தால் அந்த வரிசையே இருந்திருக்காது.

#21 ராத்திரி ஷிப்ட்

நாலு கோடு விட்டிருக்கிறார்களே, அதில் நான் எழுதினால் என்ன ஆகும்? "கிடங்கு அறையில் ஸ்டாக் சரிபார்க்கும்போது" என்று எழுதினாலே எங்கள் அலுவலகத்தில் யார், எவர் என்று தெரிந்துவிடும். ஆனால் டிக் போட்டுவிட்டு மட்டும் வர மனசு ஒப்பாது. எழுதவும் வேண்டும், தெரியவும் கூடாது.

#22 பழைய மேசை

இந்தத் திறந்த கட்டம் வேண்டாம் என்பது என் கட்சி. யாராவது அதில் கடுமையான ஒன்றை, செய்தவர் பெயரோடு எழுதிவிட்டால் நிர்வாகத்துக்கு அது தெரிந்துவிட்டது என்று ஆகிவிடும். தெரிந்தும் சும்மா இருந்தார்கள் என்ற பழி வரும். விசாரிக்கலாம் என்றால் எழுதியவர் யார் என்று தெரியாது. தெரிந்துகொள்ளக் கிளம்பினால் கொடுத்த வாக்கு போச்சு.

#23 ஊசிமுனை

இதில் அம்மாவோடு முரண்படுகிறேன். கட்டம் இல்லாவிட்டால் 'கிடங்கு அறை' என்ற சொல்லே மேலே போகாது. அந்த அறைக்கு வெளிச்சம் போட வேண்டும், ஸ்டாக் எடுக்க இரண்டு பேராக அனுப்ப வேண்டும் என்று யாருக்கு எப்படித் தோன்றும்? எண்களுக்கு அறை தெரியாது.

#24 சராசரி

நடுவில் ஒரு வழி: கட்டத்துக்கு மேலே, "ஆட்களின் பெயர் எழுத வேண்டாம், இது புகார் அல்ல, புகார் கொடுக்க வழிகள் இவை" என்று மூன்று வரி. எழுதியதை வெளி நிறுவனம் மட்டும் படித்து, ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரத்தை நீக்கி, இடம், நேரம், சந்தர்ப்பம் என்று தொகுத்துக் கொடுக்கட்டும். மூலத்தை நிர்வாகம் பார்க்கவே கூடாது. ஒரே ஒரு கிடங்கு இருக்கிற அலுவலகத்துக்கு இதுவும் போதாதுதான். எல்லாக் கிளைகளிலும் சேர்த்து "தனியறை வேலைகள்" என்று போட்டால் ஓரளவு மறையும்.

#25 பழைய மேசை

பெயர் எழுதாதே என்றால் எழுதாமல் இருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கிடங்கு அறை என்றதும் நானும் கொஞ்சம் ஆடிப்போனேன்.

#26 மட்டுறுத்துநர்

அலுவலகப் பெயர்களும் ஆட்களின் பெயர்களும் இருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நடந்ததைச் சொல்லுங்கள், அடையாளம் வேண்டாம்.

#27 நேர்க்கோடு

ஆஸ்திரேலிய நாடாளுமன்ற அலுவலகங்கள் பற்றிய 2021 அறிக்கையை இந்த இழையைப் பார்த்துவிட்டுத் தேடிப் படித்தேன். அங்கே மூன்றில் ஒருவருக்குப் பாலியல் தொல்லை நேர்ந்திருக்கிறது. சட்டம் போடுகிற இடத்திலேயே! என் கருத்தை முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கோப்புக்காரிக்கு ஒரு யோசனை: முடிவு எதுவானாலும் என்றைக்கு வெளியிடுவோம், அதற்கப்புறம் என்ன செய்வோம் என்பதை சர்வே தொடங்கும் முன்பே அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எண்ணைப் பார்த்த பிறகு கேட்டால் கையெழுத்து வராது.

#28 கோப்புக்காரி

*(ஏழு வாரம் கழித்து)*

பலர் தனிமடலில் கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

சர்வே முடிந்தது. இரண்டு வாரம் ஐந்து வாரமானது. ஒப்பந்தப் பணியாளர்களுக்கு மின்னஞ்சல் இல்லாததால் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, அலுவலகத்துக்கு வெளியே ஓர் அறை எடுத்து, டேப்லெட்டில் நிரப்ப வைத்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேள்விகளை ஹெட்ஃபோனில் கேட்கும்படி பதிந்து கொடுத்தார்கள். தாளைக் கையில் வாங்கும் ஆளே இல்லை. நேர்க்கோடு சொன்ன கையெழுத்தும் வாங்கினேன், வெளியிடும் தேதியோடு. திறந்த கட்டத்தைக் கடைசியில் வைத்துவிட்டோம். பழைய மேசை அம்மா மன்னிக்கவும்.

எண்களை இங்கே போட முடியாது. ஒன்று மட்டும்: ஒப்பந்தப் பணியாளர்களிடம் வந்த விகிதம் நிரந்தரப் பணியாளர்களை விடத் தெளிவாக அதிகம். இன்னொன்று, "நடந்ததை யாரிடமாவது சொன்னீர்களா" என்ற கேள்விக்கு அதிகம் பேர் தேர்ந்தெடுத்த பதில், "அந்த நபர் இருக்கும் இடத்தைத் தவிர்த்தேன்."

அறிக்கை வந்த அன்று மாலை அதிகாரி கூப்பிட்டார். "மூலத் தரவு எங்கே? எந்த அலுவலகம் என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். எங்களிடம் இல்லை சார் என்றேன். பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஒப்பந்தத்தின் 4ஆவது பத்தியை மேற்கோள் காட்டி இரண்டே வரியில் மறுத்துவிட்டார்கள். அந்தப் பத்தியைப் போடச் சொன்னது சராசரி. நன்றி.

சர்வேக்குப் பிறகு புகார்க் குழுவுக்கு முறையான புகார் இரண்டு வந்திருக்கிறது. "பார்த்தாயா, சர்வே எடுத்துப் புகாரை வளர்த்துவிட்டாய்" என்று ஒருவர் நடைபாதையில் சொல்லிவிட்டுப் போனார். ஆவண அறைகளில் இனி இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்று சுற்றறிக்கை போயிருக்கிறது. இரண்டாவது ஆளாக யாரை அனுப்புவது, ஆளே இல்லையே என்று மூன்று கிளைகள் ஏற்கெனவே பதில் எழுதிவிட்டன. பாருங்கள், இப்படித்தான் போகிறது.

அடுத்த திங்கள் முடிவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். மேலிருந்து வந்த வரைவு, "பெரும்பான்மையான பணியாளர்கள் பாதுகாப்பாக உணர்கிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது" என்று தொடங்குகிறது. பொய் இல்லை. ஆனால் அந்த வரியை முதலில் படிக்கப்போகிற மீதிப் பேரை நினைத்தேன். அதை மூன்றாம் பத்திக்கு மாற்றும்படி குறிப்பு எழுதிக் கோப்பை மேலே அனுப்பியிருக்கிறேன்.

#29 பழைய மேசை

குறிப்புக்குப் பக்க எண் போட்டாயா?

#30 கோப்புக்காரி

போட்டேன் அம்மா. நகலும் எடுத்து வைத்திருக்கிறேன்.